அடைப்புக்குறியார் பாலம் திறந்த கதை

சண்டை போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். சண்டையை விலக்கப் போய் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. சண்டை நின்றுவிட்டது என்று எழுதி, தட்டச்சு செய்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்து, கோப்பில் சேர்க்கிற இனம். மாதச் சம்பளத்துக்குச் சமாதானம் செய்கிற இவருக்குச் சமாதான அதிகாரி என்று பெயர்.

இவரை நான் பார்த்ததே இல்லையே என்று சொல்லாதீர்கள். பார்த்திருக்கிறீர்கள், கவனித்ததில்லை. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இரண்டு தலைவர்கள் பல் தெரியச் சிரித்துக் கை குலுக்குவார்கள் அல்லவா? அந்த இரண்டு தோள்களுக்கும் நடுவே, கொஞ்சம் பின்னால், ஒரு காதும் பாதி மூக்குக்கண்ணாடியும் தெரியும். அந்தக் காதின் சொந்தக்காரர்தான் நம்மவர். கை குலுக்கியது அவர்கள். யார் கையை முதலில் நீட்டுவது, அப்படி முதலில் நீட்டியவர் தோற்றவர் என்று ஆகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, குலுக்கும்போது யார் கை மேலே வந்துவிடக் கூடாது என்பதையெல்லாம் வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசி முடித்தது இவர். படத்தின் கீழே இவர் பெயர் வராது. வந்துவிட்டால் பதறிப்போய் விளக்கம் கேட்டு எழுதுவார்.

இந்த இனத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். அதில் ஒருவருக்குக் கீழே, கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலையில் இருந்தவன். அதிகாரிகள் குடியிருப்பில் அவர் வீட்டுக்கு நேர் கீழே என் வீடு. பகலெல்லாம் அவர் பேசுவதை எழுதுவேன். சாயங்காலம் அவர் வீட்டம்மா பேசுவது, நான் கேட்காமலே, ஜன்னல் வழியாக வந்து காதில் விழும். இரண்டில் எதில் விஷயம் அதிகம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ஓய்வூதியம் வேண்டும்.

அவர் வாயிலிருந்து 'ஆமாம்' வந்து யாரும் கேட்டதில்லை. 'இல்லை' வந்தும் கேட்டதில்லை. தேநீர் கொண்டுவரும் அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாவம், நேரடியாகக் கேட்டுவிட்டார்.

"சார், டீயா காப்பியா?"

"ரெண்டுமே வரவேற்கத்தக்கதுதான்மா."

"சரி சார், எது கொண்டுவரட்டும்?"

"ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணைக் குறைச்சுச் சொன்னதா ஆயிடக் கூடாது பாருங்க."

அன்றிலிருந்து அந்த அம்மா வெந்நீர் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரும் அதைத் திருப்தியாகக் குடிப்பார். மழை பெய்துகொண்டிருக்கும்போது "வெளியில மழையா சார்?" என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், "அப்படி ஒரு கருத்து நிலவுது" என்பார். ஜன்னல் சாரலில் நனைந்துகொண்டே சொல்வார்.

பேச்சுவார்த்தை மண்டபத்தில் ஒரு மின்விசிறி இருந்தது. அதை நம் பக்கம் திருப்பினால் அவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் பக்கம் திருப்பினால் நம் தலைவர் எழுந்துவிட்டார். சுழல விட்டால் எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் ஆள் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் இவர் ஒரு தீர்வு கண்டார். விசிறியை நிறுத்திவிட்டார். அந்தக் கோடையில் இரு தரப்பும் முதல்முதலாகச் சமமாக அனுபவித்தது வியர்வையைத்தான். அதையும் 'முதற்கட்ட முன்னேற்றம்' என்று என்னைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன், காகிதம் ஈரமாகிவிட்டது.

அலுவலகத்தில் அவருக்கு அடைப்புக்குறியார் என்று பெயர். காரணம் சொல்கிறேன். இம்மாதிரி பேச்சுவார்த்தைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பந்தத்தின் வரைவில் எந்தச் சொல்லுக்கு ஒரு தரப்பு சம்மதிக்கவில்லையோ, அந்தச் சொல்லைச் சுற்றிச் சதுரமாக ஓர் அடைப்பு போட்டுவிடுவார்கள். 'இது இன்னும் தகராறில் இருக்கிறது' என்று அர்த்தம். முதல் நாள் வரைவைப் பார்த்தால் 'மற்றும்' என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அடைப்புக்குள் இருக்கும். பேசிப் பேசி ஒவ்வோர் அடைப்பாக எடுக்க வேண்டும். எல்லா அடைப்பும் போய்விட்டால் ஒப்பந்தம் தயார், தலைவர்கள் பேனாவைத் திறக்கலாம்.

அடைப்பு எடுப்பதில் நம்மவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'உடனடியாக' என்று ஒரு தரப்பு பிடிவாதம் பிடிக்கும், கூடவே கூடாது என்று மறுதரப்பு மேசையைக் குத்தும். இவர் கனைத்துக்கொண்டு, 'உரிய காலத்தில் என்று போடலாமா?' என்பார். 'பிடித்து வைத்திருக்கும் நிலம்' என்பதை 'தற்போது பொறுப்பில் இருக்கும் நிலம்' ஆக்குவார். 'மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்ற வரியை எடுத்து, உருட்டி, நீவி, 'நடந்தவை இரு தரப்பின் கவனத்திலும் உள்ளன' என்று ஆக்கிக் கொடுப்பார். இரண்டு தலைவர்களும் படித்துப் பார்த்து, இதில் என் தோல்வி எங்கேயும் இல்லையே என்று நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். வெற்றியும் இல்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

இவருக்கு எதிர்ப்பக்கத்தில் சரிசமமான ஒருவர் இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்தின் சமாதான அதிகாரி, வெள்ளைக்கொடி கட்டிய அதிகாரிகள் படகில் வந்து போகிறவர். நாங்கள் அக்கரைக்காரர் என்போம். மண்டபத்துக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையில் பால் திரிந்துவிடும். வெளியே நடைக்கூடத்தில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், ஒரே பொட்டலத்து பிஸ்கட்டை இருவரும் பகிர்ந்து தின்பார்கள். இவருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துபோன நாளில் அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

"உங்க தலைவர் இன்னைக்கு எப்படி சார்?" என்று இவர் கேட்பார்.

"மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் கத்துவார். பதிலுக்கு உங்காளு ஒரு தடவ மேசையைத் தட்டிட்டார்னா மனசு ஆறிடும்."

"தட்டச் சொல்றேன். ஆனா உங்கவர் எழுந்து மட்டும் போயிடக் கூடாது. எங்களவருக்கு முட்டி வலி, கூடவே எழுந்து போக முடியாது."

கேலி செய்கிறேனே தவிர, ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தலைவர்கள் கர்ஜித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் துப்பாக்கிகளும் கூடவே வெடித்துக்கொண்டிருந்தன. இந்த இருவரும் பிஸ்கட் தின்ன ஆரம்பித்த பிறகுதான் அவை ஓய்ந்தன. எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் மறுபடி வாசலில் விளையாடியதற்கு எந்தத் தலைவரையும்விட இவர்களுக்குத்தான் நான் நன்றி சொல்வேன். அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் ஆற்றுக்கு இரு கரையிலும் இருந்தது. நடுவில் ஒரே பாலம். சண்டை ஆரம்பித்த அன்று மூடியதுதான், முள்கம்பியும் மணல்மூட்டையுமாகக் கிடந்தது. வீட்டம்மாவின் அக்கா அந்தக் கரையில் இருந்தார். சின்ன வயதிலேயே தாயில்லாமல் போன தங்கையைத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் செய்து கொடுத்தவர் அந்த அக்காதான். பாலம் மூடிய பிறகு சகோதரிகள் இருவரும் ஆளுக்கொரு கரையில் நின்று சாயங்காலம் கை காட்டிக்கொள்வார்கள். பிறகு அக்காவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. மருந்தால் நிறுத்த முடியாத நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கை காட்டுவது நின்றுபோனது. தங்கை காட்டினாலும் அக்காவுக்கு இந்தக் கரையே தெரியவில்லை.

ஆகவே மாடி வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது.

"பாலம் எப்பங்க திறப்பாங்க?"

"ஒரு சாதகமான சூழ்நிலை உருவாகி வருது."

"சூழ்நிலை மேல ஏறி நான் அக்கரைக்குப் போக முடியுமா?"

"நீ பொறுமையா இருக்கணும். இதெல்லாம் படிப்படியா..."

"எனக்குப் பொறுமை இருக்கு. அவ கண்ணுக்கு இல்லையே. முழுசா இருட்டிப் போறதுக்குள்ள ஒரு தடவ அவ என்னப் பாக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

 நாற்காலி நகர்கிற ஓசை மட்டும் கேட்கும். பெண்டாட்டி மேல் அக்கறை இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் மண்டபத்தில் பாலத்தைப் பற்றிய பகுதி வந்தால் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவார்.

கடைசியில் எல்லா அடைப்பும் போய், ஒன்றே ஒன்று மிஞ்சியது. பாலம் அடுத்த மாதம் முதல் தேதி திறக்கப்படும் என்ற வரியில் அந்தத் தேதிக்கு மட்டும் அடைப்பு. சரி, ஒரு தரப்புக்கு அந்தத் தேதி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் நீங்கள் சாதாரண மனிதர். இரண்டு தரப்புக்குமே அந்தத் தேதி பிடித்திருந்தது. முதலில் நம் தலைவர் அதைச் சொன்னார். அவர்கள் சொல்லி நாங்கள் கேட்பதா என்று அக்கரைத் தலைவர் அடைப்பு போட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, நல்ல தேதியாக இருக்கிறதே என்று அதையே தன் யோசனையாகக் கொண்டுவந்தார். உடனே நம் தலைவர் சிவந்துவிட்டார்.

"அவங்க சொன்ன தேதியை நான் ஏத்துக்கிட்டேன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்யா!"

"ஐயா, அது நாம சொன்ன தேதிதானே?" என்றார் நம்மவர் மெதுவாக.

"நாம சொன்னப்ப நம்ம தேதி. இப்ப அவங்க சொல்லிட்டாங்களே!"

இரண்டாம் தேதி என்று வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். மக்கள் கஷ்டப்படும்போது ஒரு நாள் தாமதிப்பதா என்று இரண்டு தலைவர்களும் ஒரே குரலில் கொதித்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தை முழுவதிலும் அவர்கள் ஒரே குரலில் பேசியது அது ஒன்றுதான்.

வாசலில் படம் எடுப்பவர்கள் காத்திருந்தார்கள். மேசையில் பேனாக்கள் திறந்து கிடந்தன. அடைப்புக்குறியாரும் அக்கரைக்காரரும் நடைக்கூடத்துக்குப் போனார்கள். பிஸ்கட் பொட்டலம் சலசலத்தது. திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும், பரீட்சையில் கடைசிக் கணக்கைப் போட்டு முடித்த பிள்ளைகளின் களை. 'பாலம் உரிய காலத்தில், இரு தரப்புக்கும் ஏற்புடைய முறையில் திறக்கப்படும்' என்று வரியை மாற்றி எழுதியிருந்தார்கள். அடைப்பு இல்லை! மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. தலைவர்கள் கையெழுத்திட்டார்கள், கை குலுக்கினார்கள், நம்மவர் காது படத்தில் விழுந்தது. அடைப்பை எடுக்கிற மும்முரத்தில் உள்ளே இருந்த தேதியையும் சேர்த்து எடுத்துவிட்டோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நானும் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டம்மாவுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பாலத்துப் பகுதியைப் படித்தார்.

"தேதி எங்கங்க?"

"தேதியைப் போட்டிருந்தா ஒப்பந்தமே வந்திருக்காது."

"ஏன், யாருக்கு ஒத்து வரல?"

"ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம்."

"சம்மதம்னா எழுத வேண்டியதுதானே?"

"சம்மதமா இருந்ததுதான் பிரச்சினையே."

காகிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நம்பிக்கையோட இருக்கச் சொல்லு."

"அவளுக்கு நம்பிக்கையெல்லாம் நிறைய இருக்குங்க. கண்ணுதான் இல்ல."

 மறுநாள் காலை படியில் பார்த்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். அலுவலகம் போய்ச் சேரும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார். போனதும், உரிய காலம் என்பது எது என்று தீர்மானிக்க இரு தரப்பு உபகுழு ஒன்று அமைக்கலாம் என்று ஒரு குறிப்பு சொன்னார். அவருக்கு அதற்கு மேல் வழி தெரியாது, பாவம். பசிக்கிறது என்று குழந்தை அழுதாலும் முதலில் ஒரு குழுதான் அமைப்பார்.

வீட்டம்மா குழு எதுவும் அமைக்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்தார்.

"ஒண்ணாம் தேதி காலையில பாலத்துக்கு வந்துடு. பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வா."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, இவர் குரல் உயர்ந்தது.

"ரெண்டு தலைவருக்கும் சம்மதமாம்! எழுதத்தான் மறந்துட்டாங்களாம்!"

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாய்க்கு எந்த ரகசியக் காப்புச் சட்டமும் பொருந்தாது என்று பிறகு தெரிந்தது. எங்கள் குடியிருப்பிலும் ஜன்னல் வழியாகக் காது கொடுப்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. முதல் தேதி காலையில் இரண்டு கரையிலும் கூட்டம் நெரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். விஷயம் தெரிந்து நம்மவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார், பின்னாலேயே நான்.

பாலத்துக் காவலுக்கு இருந்த ஹவில்தார் ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு திணறினார்.

"இதுல இன்னைக்குத் திறக்கணும்னு எங்கயும் போடலியேம்மா!"

"திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?" என்றார் வீட்டம்மா. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது.

ஹவில்தார் மறுபடி படித்தார். போடவில்லை. அப்போதுதான் நம்மவரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"சார், நீங்கதானே எழுதினீங்க? நீங்களே சொல்லிடுங்க. இன்னைக்கு உரிய காலமா, இல்லையா?"

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. யாரும் தன்னிடம் கேட்டுவிடக் கூடாது என்று அவர் வாழ்நாள் முழுவதும் பயந்த கேள்வி அது. அவர் அக்கரையைப் பார்த்தார். அங்கே முள்கம்பிக்குப் பின்னால் அக்கரைக்காரரையும் ஒரு கூட்டம் சூழ்ந்து நின்றிருந்தது, அவரும் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் வாயைத் திறந்தார். "கொள்கை அளவில்..." என்று ஆரம்பித்தார். வீட்டம்மா சும்மா அவரைப் பார்த்தார்.  அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணாடியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார்.

"இல்லைன்னு சொல்றதுக்கில்லை," என்றார்.

அதற்கு மேல் அவர் நாக்கு வளையாது. ஆனால் ஹவில்தார் அரசாங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். "ஐயா ஆமாங்கறார், கம்பியை இழுங்கப்பா!" என்று கத்தினார். அந்தப் பக்கத்திலும் அதே நேரத்தில் கம்பி நகர்ந்தது. அக்கரைக்காரர் என்ன சொன்னார் என்று பிறகு விசாரித்தேன். "தடை ஏதும் கவனத்துக்கு வரவில்லை" என்றாராம்.

பாலத்தின் நடுவில் அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தங்கை ஓடிப் போய் எதிரே நின்றார்.

"அக்கா, தெரியுதா?"

"கிட்ட வா. இன்னும் கிட்ட வாடி."

முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டு அக்கா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியுது. இளைச்சுட்டே. தலை வாராம வந்திருக்கே."

தங்கை சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது, எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. அடைப்புக்குறியார் கொஞ்சம் தள்ளி, வழக்கம்போல இரண்டு தோள்களுக்கும் பின்னால் நின்றார். அழுதுகொண்டிருந்தார். பிற்பகல் கோப்பில், 'பாலம் திறந்த நிலையில் இருப்பதாக அறியவருகிறது' என்று எழுதச் சொன்னபோதும் குரல் சரியாகவில்லை.

அன்று கிளம்பும்போது அக்கா அவர் இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "தம்பி, இப்பதான் வழி திறந்தாச்சே. நீங்களும் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க," என்றார்.

"கண்டிப்பா வரேன் அக்கா. ஒரு சௌகரியமான நாளா பாத்து..."

"எந்த நாள்?" என்று சகோதரிகள் இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

அவர் முழித்த முழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள், எனக்கும் அதுதான் வேண்டும். சிரித்து முடித்ததும் ஒன்றை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். போன மாதம் தெருமுனையில் பழைய சிநேகிதரைப் பார்த்து, கையைக் குலுக்கி, 'ஒரு நாள் நிதானமா உக்காந்து பேசணும்பா' என்றது யார்? 'எப்படா வர்றே?' என்று போனில் அம்மா கேட்டதற்கு, 'வேலை கொஞ்சம் குறையட்டும்மா, வந்துடறேன்' என்று தேன் ஒழுகச் சொன்னது யார்? இரண்டு பக்கமும் முழுச் சம்மதம்தானே? சண்டையில்லை, முள்கம்பியில்லை, ஹவில்தார்கூடக் கிடையாது. அப்படியானால் இப்போதே போனை எடுங்கள், அம்மாவிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

என்ன தேதி என்றா கேட்கிறீர்கள்? அதை உங்கள் அம்மாவும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.